100 பேருக்கு காபி: கடைசி டம்ளரும் முதல் டம்ளர் மாதிரியே இருக்க என்ன செய்யணும்?

கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காபி சரியில்லை என்றால் மட்டும் பேச்சு ஊர் திரும்பும் வரை ஓடும். "எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்க, காபிதான் வெந்நி மாதிரி இருந்துச்சு" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், வேனில் இருக்கிற அத்தனை பேரும் ஆமாம் போடுவார்கள்.

இத்தனைக்கும் வீட்டில் 4 பேருக்கு அருமையாக காபி போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் இந்த வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள். ராஜபாளையத்தில் நிச்சயதார்த்தம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வளைகாப்பு, செண்பகத்தோப்புக்கு வேன் பிடித்துப் போய் சாமி கும்பிடுவது என்று எந்த விசேஷமாக இருந்தாலும் காலையில் முதலில் கேட்கப்படுவது காபிதான். 4 பேருக்கான அளவை 25 மடங்காக்கினால் 100 பேருக்கு காபி வந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். முதல் 20 டம்ளர் பிரமாதமாக இருக்கும். 50-வது டம்ளரில் சூடு போயிருக்கும். 80-வது டம்ளரில் ருசியும் போயிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? கேட்டரிங் ஆள் வைக்காமல் வீட்டு ஆட்களே 100 பேருக்கு நல்ல ஃபில்டர் காபி கொடுக்க முடியுமா? முடியும். தூளை அள்ளிப் போடுவதைவிட நேரத்தையும் சூட்டையும் கணக்குப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அளவு

விசேஷ வீடுகளில் கொடுக்கும் டம்ளரில் சுமார் 100 மில்லி காபி பிடிக்கும். அதில் 3 பங்கு பால், 1 பங்கு டிகாஷன் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் கலவை. டம்ளருக்கு 8 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

- 25 டம்ளர்: தூள் 200 கிராம், தண்ணீர் 1 லிட்டர், பால் 2 லிட்டர், சீனி 200 முதல் 250 கிராம்
- 50 டம்ளர்: தூள் 400 கிராம், தண்ணீர் 2 லிட்டர், பால் 4 லிட்டர், சீனி 400 முதல் 500 கிராம்
- 100 டம்ளர்: தூள் 800 கிராம், தண்ணீர் 4 லிட்டர், பால் 8 லிட்டர், சீனி 800 கிராம் முதல் 1 கிலோ

4 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 4 லிட்டர் டிகாஷன் இறங்காது என்பதைக் கவனிக்க வேண்டும். காபித்தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய 2 மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 800 கிராம் தூள் சுமார் 1.6 லிட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டால், கைக்கு வருவது 2.4 லிட்டர் டிகாஷன்தான். இது தெரியாமல் கணக்குப் போட்டு, கடைசியில் டிகாஷன் பற்றாமல் வெந்நீர் சேர்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

இன்னொன்று: 100 பேர் என்றால் 100 டம்ளர் என்று அர்த்தமில்லை. குழந்தைகள் பால் கேட்பார்கள், சிலர் டீ கேட்பார்கள், சிலர் "இன்னொரு அரை டம்ளர்" என்பார்கள். 100 பேருக்கு 120 டம்ளருக்கான சாமான் கையில் இருப்பது நல்லது.

எந்தத் தூள் வாங்குவது?

கடையில் 80:20, 70:30, 60:40 என்று சொல்வது காபிக்கும் சிக்கரிக்கும் உள்ள விகிதம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். வாங்கும்போது அந்த வரியைப் பார்த்து வாங்கலாம்.

சிக்கரி ஒரு செடியின் வேர். அதை வறுத்து அரைக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. ஆனால் தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட அதில் அதிகம். அதனால்தான் சிக்கரி சேர்த்த டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்குகிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் ஐரோப்பாவில் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் அங்கே சிக்கரி வீடு வீடாகப் பரவியது. தட்டுப்பாட்டுக்கு வந்த பொருள், நம் ஊரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

கூட்டத்துக்குப் போடும்போது 70:30 பாதுகாப்பான தேர்வு. நிறைய பால் சேர்ந்தாலும் நிறமும் கெட்டித்தன்மையும் நிற்கும். 60:40-க்குப் போனால் செலவு குறையும், ஆனால் டிகாஷன் ஆறியதும் சிக்கரிக் கசப்பு முன்னால் வந்து நிற்கும்.

தூளை விசேஷத்துக்கு முதல் நாள் அரைத்து வாங்குவது நல்லது. கொட்டையாக இருக்கும்வரை உள்ளே அடங்கியிருக்கும் வாசனை, தூளானதும் வேகமாக வெளியேறத் தொடங்கும். அரைக்கும்போது கடைக்காரரிடம் "100 பேருக்கு, கொஞ்சம் பெருநறுக்கா அரைச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

பெரிய ஃபில்டர் ஏன் காலை வாருகிறது?

வீட்டு ஃபில்டரில் தூளின் உயரம் 2 அல்லது 3 சென்டிமீட்டர்தான். அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, போகிற வழியில் காபியின் சத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அதே வடிவத்தில் உயரமான ஒரு பெரிய ஃபில்டர் வாங்கி 800 கிராம் தூளை ஒரேயடியாகக் கொட்டினால், தூள் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். வெந்நீர் பட்டதும் அது உப்பி, அடைத்துக்கொள்ளும். தூளின் உயரம் கூடக்கூட தண்ணீர் இறங்கும் வேகம் குறையும். நைஸாக அரைத்த தூள் என்றால் அடைப்பு இன்னும் மோசம். ராத்திரி 10 மணிக்கு ஊற்றிய தண்ணீர் காலை 4 மணிக்கும் மேலேயே நிற்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்த சிக்கல் சூடு. சின்ன ஃபில்டர் சீக்கிரம் ஆறிவிடும். பெரிய ஃபில்டரில் அவ்வளவு தூளும் தண்ணீரும் சேர்ந்து நெடுநேரம் சூடாகவே இருக்கும். முதலில் தண்ணீரில் கரைவது புளிப்பும் வாசனையும். பிறகு இனிப்பான சுவைகள். கடைசியில்தான் கசப்பும் துவர்ப்பும். அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சூட்டில் ஊறிய தூளிலிருந்து அந்தக் கடைசிச் சரக்கு முழுவதும் இறங்கிவிடும்.

தீர்வு எளிது. ஒரு பெரிய ஃபில்டருக்குப் பதில் 200 கிராம் பிடிக்கிற 4 ஃபில்டர். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினாலும் போதும். ஒவ்வொன்றிலும் தூளை லேசாகத் தட்டி சமப்படுத்தி, கொதித்து இறக்கி அரை நிமிடம் கழித்த தண்ணீரை முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் விட்டால் தூளில் இருக்கும் வாயு வெளியேறும். பிறகு மீதித் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிடலாம்.

ஃபில்டர் கிடைக்காவிட்டால் துணி. தென்மாவட்டக் கல்யாண வீடுகளில் தவசிப்பிள்ளைகள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இது. அடுப்பை அணைத்த பிறகு வெந்நீரில் தூளைப் போட்டு, ஒரு கிளறு கிளறி, மூடி வைத்து, 5 நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டுவார்கள். மலேசியா, சிங்கப்பூர் கோப்பிக் கடைகளிலும் துணிப் பைதான் ஃபில்டர். இந்த முறையில் 2 விஷயம் முக்கியம். தூள் போட்ட பிறகு அடுப்பு எரியக் கூடாது. தூள் கொதித்தால் கசக்கும். துணியை முறுக்கிப் பிழியக் கூடாது. பிழிந்தால் வண்டல் இறங்கி டிகாஷன் கலங்கிவிடும்.

எந்தத் துணி? ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டி மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. ஆனால் அந்த மாதிரி இடைவெளி விட்டு நெய்த துணி காபிக்கு ஆகாது, தூள் அப்படியே இறங்கிவிடும். நெருக்கமாக நெய்த வெள்ளைக் காடாத் துணி சரியாக இருக்கும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும் என்பதால் முதல் நாளே வெந்நீரில் கொதிக்கவைத்து அலசிவிட வேண்டும். சோப்பு போட்டால் அடுத்த நாள் காபியில் சோப்பு வாசனைதான் வரும்.

தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். மண்டபத்து போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அதில் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் எடுபடாது. 4 லிட்டர்தானே, குடிக்கிற தண்ணீரையே ஊற்றிவிடலாம்.

டிகாஷனை எப்படிச் சூடாக வைப்பது?

இறங்கிய டிகாஷனை நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. டிகாஷன் சூட்டிலேயே நிற்கும்போது அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைந்து குயினிக் அமிலம் கூடுகிறது. "காறல்" என்று நாக்கு சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நல்ல வழி 2 இருக்கிறது. டிகாஷன் இறங்கியதும் வெந்நீர் ஊற்றி அலசிய ஃபிளாஸ்க்கில் ஊற்றி இறுக மூடிவிடலாம். அல்லது டிகாஷன் பாத்திரத்தை, வெந்நீர் இருக்கும் அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி வைக்கலாம். எதுவாக இருந்தாலும் 1 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுகிற மாதிரி நேரம் பார்த்து இறக்க வேண்டும்.

பால்: பால்கோவாவுக்கு நேர் எதிர்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சீனியும் மட்டும் போட்டு, அடுப்பை விட்டு நகராமல் கிளறிக் கிளறிச் சுண்டவைத்துத்தான் அந்த ருசி வருகிறது. அதே பால் காபிக்கு வரும்போது செய்ய வேண்டியது நேர் எதிர். எவ்வளவு குறைவாகச் சூட்டில் நிற்கிறதோ, அவ்வளவு நல்லது.

பால் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதிலுள்ள புரதம் உருமாறத் தொடங்கும். மேலே ஆடை படிவதும் அடியில் பிடிப்பதும் இதனால்தான். திரும்பத் திரும்பக் கொதித்தால் பாலில் சுண்டிய வாசனை வரும். பால்கோவாவில் அது சுகம். காபியில் அது டிகாஷனின் வாசனையை அமுக்கிவிடும். சீனியை முதலிலேயே பாலில் கொட்டிவிட்டால் அடிப்பிடிப்பது இன்னும் சுலபம். பாலையும் சீனியையும் ஒன்றாகச் சேர்த்து மணிக்கணக்கில் அடுப்பில் வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் போகும் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எந்தப் பால்? பாக்கெட்டில் போட்டிருக்கும் கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்தால் போதும். சமன்படுத்தப்பட்ட பாலில் 3 சதவீதம், நிலைப்படுத்தப்பட்ட பாலில் 4.5 சதவீதம், நிறை கொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கும். காபிக்கு 4.5 சதவீதம் சரியாகப் பொருந்தும். அது கிடைக்காவிட்டால் 3-ஐயும் 6-ஐயும் பாதிப் பாதி கலந்தாலும் அதே 4.5 வந்துவிடும்.

கல்யாண வீட்டுப் பாலின் பெரிய ஆபத்து வேறு. ஒரே ஒரு பாக்கெட் கெட்டிருந்தாலும் அண்டா முழுவதும் திரிந்துவிடும். முந்தின நாள் வாங்கி வெளியில் வைத்த பாலில் புளிப்பு ஏறியிருக்கும். பச்சையாக இருக்கும்வரை அது தெரியாது. சூடேறும்போதோ, லேசான புளிப்புள்ள டிகாஷன் சேரும்போதோதான் குட்டு வெளிப்படும். அதனால் வெவ்வேறு வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் வந்த பாலை மொத்தமாக ஒரே பாத்திரத்தில் கொட்டக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பார்த்த பிறகுதான் அண்டாவுக்குள் ஊற்ற வேண்டும். 5 நிமிட வேலை, 8 லிட்டர் பாலைக் காப்பாற்றும்.

காபியின் பேருக்கும் பாலுக்கும் ஒரு சம்பந்தம் சொல்வார்கள். பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கியதால் "டிகிரி காபி" என்ற பேர் வந்தது என்பது ஒரு கதை. சிக்கரிதான் பேச்சுவழக்கில் டிகிரி ஆனது என்பது இன்னொரு கதை. முதல் டிகாஷனில் போட்டதால் ஃபர்ஸ்ட் டிகிரி என்பது மூன்றாவது. எந்தக் கதையை நம்பினாலும், தண்ணீர் கலக்காத பால் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கலப்பது எப்போது?

100 காபி வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லாம் தயார் என்றதும் பால், டிகாஷன், சீனி மூன்றையும் ஒரே அண்டாவில் கலந்துவிடுகிறார்கள். ஒருவர் ஒரு டம்ளருக்கு 10 விநாடி எடுத்துக்கொண்டு ஊற்றினாலும் 100 டம்ளருக்கு 17 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது வந்து பேசினால் அரை மணி நேரம். அதுவரை கலந்த காபி ஆறும், இல்லாவிட்டால் அடுப்பில் கொதிக்கும். இரண்டுமே கெடுதல்.

25 டம்ளருக்கு ஒரு தடவை கலப்பதுதான் சரி. கரண்டிக் கணக்கு வைத்துக்கொண்டால் தப்பாது: 3 கரண்டி பாலுக்கு 1 கரண்டி டிகாஷன். ஊற்றுகிற ஆளும் கலக்குகிற ஆளும் வேறாக இருந்தால் வரிசை நிற்காது.

சூட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 95 டிகிரி பாலில் 30 டிகிரிக்கு ஆறிப்போன டிகாஷனை 3-க்கு 1 என்று சேர்த்தால், கலவை சுமார் 79 டிகிரிக்கு வந்துவிடும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, தட்டில் அடுக்கி, கடைசி வரிசை வரை தூக்கிப் போவதற்குள் அது குடிக்கிற சூட்டுக்கும் கீழே போய்விடும். அதே டிகாஷன் 70 டிகிரியில் இருந்தால் கலவை சுமார் 89 டிகிரி. "ஆறின காபி" புகாருக்குப் பால் காரணமாக இருப்பது குறைவு. ஆறிய டிகாஷன்தான் பெரும்பாலும் காரணம்.

அதற்காகக் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பதும் சரியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் பானங்களை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் 2016-ல் சேர்த்தது. சிக்கல் சூட்டில்தான் என்றும், காபி என்ற பானத்தின் மீது அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. டபராவில் 2 தடவை ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

சீனியை டம்ளரில் தனியாகவோ, கலக்கும்போது அந்த 25 டம்ளருக்கு மட்டுமோ போடலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இல்லாத குடும்பம் இன்று அபூர்வம். ஒரு தட்டில் சீனி போடாத காபி தனியாக வந்தால், "எனக்குச் சீனி வேண்டாம்" என்று கூட்டத்தில் ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்காது.

முதல் டிகாஷன் யாருக்கு?

பல வீடுகளில் வெளியில் சொல்லாத ஒரு வழக்கம் உண்டு. கெட்டியான முதல் டிகாஷன் சம்பந்தி வீட்டாருக்கும் முன்வரிசைக்கும் போகும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுத்த இரண்டாவது டிகாஷன் வேன் டிரைவர், மேளக்காரர், பந்தல்காரர், பாத்திரம் தேய்க்கிறவர்கள் பக்கம் போகும். "அவங்களுக்கு இது போதும்" என்பதுதான் கணக்கு.

இது தேவையே இல்லை. முதல் டிகாஷன் இறங்கியதும் அதே தூளில் இன்னொரு 1 லிட்டர் வெந்நீர் ஊற்றி எடுத்து, உடனே முதல் டிகாஷனுடன் கலந்துவிட்டால் ஏறத்தாழ 3.4 லிட்டர் கிடைக்கும். பால் இன்னும் ஒரு லிட்டர் சேர்த்துக்கொண்டால் இதில் 120 டம்ளர் வரை ஒரே தரத்தில் போடலாம். தனித்தனியாக வைத்தால் 100 டம்ளர் நன்றாகவும் 20 டம்ளர் வெந்நீராகவும் இருக்கும். சேர்த்துவிட்டால் முதல் டம்ளருக்கும் கடைசி டம்ளருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கூடுதல் தூள் ஒரு கிராம்கூட ஆகாது.

தமிழ்நாட்டில் டம்ளருக்கு ஒரு வரலாறு உண்டு. ஹோட்டல்களில் சாதி பார்த்துத் தனி இடம் போட்ட காலம் இருந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிராகத் தலித் மக்களும் இயக்கங்களும் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த நினைவு இருக்கிற ஊரில், விசேஷ வீட்டில் யாருக்கு எந்த டிகாஷன் என்று பிரிப்பதைச் சின்ன விஷயம் என்று சொல்லிவிட முடியாது.

எதில் கொடுப்பது?

பேப்பர் கப் சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் வெறும் காகிதம் சூடான காபியைத் தாங்காது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் அத்தகைய கப்களில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவத்தை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது, அதில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கியிருந்தன. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்கள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலிலும் இருக்கின்றன.

எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். 100 பேருக்கு 60 டம்ளர் இருந்தால்கூடப் போதும், கழுவிச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஊற்றும் முன் டம்ளரை வெந்நீரில் முக்கி எடுத்தால் காபி இன்னும் கொஞ்ச நேரம் சூடாக நிற்கும்.

செண்பகத்தோப்பு போகிறவர்களுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற செண்பகத்தோப்புக்குப் பேச்சியம்மன் கோயிலுக்கும், அதற்கு மேலே காட்டழகர் கோயிலுக்கும் கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். குளிர்ந்த காற்றில் சூடாக ஒரு காபி குடித்தால் நன்றாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அங்கே அடுப்பு மூட்டலாமா?

மூட்டக் கூடாது. சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி நெருப்பு மூட்டுவதையும், எரியும் நெருப்பை அப்படியே விட்டுப் போவதையும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு தடை செய்கிறது. கோடையில் சருகு காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி போதும். பளியர் பழங்குடி மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள். காடு எரிந்தால் அணிலோடு அவர்கள் வாழ்க்கையும்தான் எரியும்.

காபியை விட்டுவிட வேண்டியதில்லை, ஊரிலேயே தயார் செய்து கொண்டுபோகலாம். டிகாஷன் ஒரு ஃபிளாஸ்க், கொதித்த பால் இன்னொரு பெரிய ஃபிளாஸ்க், சீனி ஒரு டப்பா என்று தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அங்கே போய்க் கலந்தால் அடுப்பில் போட்ட காபிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபிளாஸ்க்கை முதலில் வெந்நீரால் அலசி, பாலை விளிம்பு வரை ஊற்றி மூட வேண்டும். பாதி காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். பால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும் என்பதால், 2 அல்லது 3 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

டம்ளர்களை அள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். சீனி ஒட்டிய கப் ஒன்று கிடந்தாலும் குரங்குகள் அதைத் தேடி வரப் பழகிவிடும். கிளம்பும் முன் அன்றைக்குச் செல்ல அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வரத்து கூடினால் நிலைமை மாறும்.

காலை 6 மணி காபிக்கு நேர அட்டவணை

- முதல் நாள் மாலை: தூள் அரைத்து வாங்குவது, துணியைக் கொதிக்கவைத்து அலசுவது, ஃபில்டர்களைக் கழுவிக் காயவைப்பது
- காலை 4.15: தண்ணீர் கொதிக்கவைத்து 4 ஃபில்டரிலும் ஊற்றுவது
- 5.00: இரண்டாவது டிகாஷனுக்கு வெந்நீர் ஊற்றுவது
- 5.15: ஒவ்வொரு பாலையும் தனித்தனியாகச் சோதிப்பது
- 5.30: இரண்டு டிகாஷனையும் கலந்து சூடாக மூடி வைப்பது, பாலை அடுப்பில் ஏற்றுவது
- 5.55: முதல் 25 டம்ளருக்கு மட்டும் கலப்பது

பால் ஒரு தடவை பொங்கியதும் அடுப்பை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். அடுத்தடுத்த கலவைக்கு அது சூடாக நின்றால் போதும், கொதிக்க வேண்டியதில்லை.

இட்லி, பொங்கலோடு சேர்த்துக் காபி வைப்பது நம் வழக்கம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 1 மணி நேரம் காபி, டீயைத் தவிர்க்கச் சொல்கிறது. அதிலுள்ள டானின்கள் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். ரத்தசோகை அதிகமுள்ள நாட்டில் இது பெண்களுக்கு முக்கியமான தகவல். 6 மணிக்குக் காபி, 7 மணிக்கு மேல் டிபன் என்று பிரித்தால் வந்தவர்களுக்கும் நல்லது, அடுப்பங்கரையில் இருப்பவர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

மிஞ்சிய காபிச் சக்கையைச் சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். உரக்குழியில் மற்றக் குப்பையோடு கலந்து மக்கவிட்டால் தோட்டத்துக்கு ஆகும்.

எல்லாம் சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரே சோதனைதான். முதல் டம்ளரை ருசி பார்ப்பதில் பயனில்லை, அது எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு பாத்திரம் கழுவுகிற அக்காவுக்கும் வேன் டிரைவர் அண்ணனுக்கும் ஊற்றும் டம்ளரில் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். அதிலும் சூடும் மணமும் இருந்தால், 100 பேருக்குக் காபி போடத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.